கறிக்கடையின் பின்கட்டு

நவம்பர் 14, 2024, வியாழன் இரவு, ஆஸ்டின்

தம்பியின் அலுவலகத்தில் இந்த வாரம் முழுக்க இதே பேச்சுதானாம். மிஷலின் உணவக வழிகாட்டி முதன்முறையாக டெக்சாஸுக்கு வந்திருக்கிறது. திங்கட்கிழமை வெளியான பட்டியலில் நான்கு பார்பிக்யூ கடைகளுக்குத் தலா ஒரு நட்சத்திரம். இன்டர்ஸ்டெல்லார், லா பார்பிக்யூ, லெராய் அண்ட் லூயிஸ் ஆகிய மூன்றும் இந்த ஆஸ்டினில் இருப்பவை. நான்காவது, ஹூஸ்டனுக்கு வடக்கே ஸ்பிரிங் என்ற ஊரில் இருக்கும் கார்க்ஸ்க்ரூ. வெள்ளைத் துணி விரித்த மேசைகளுக்குப் பேர்போன பட்டியலில், காகிதத்தில் கறியை வைத்துக் கையால் தின்னும் கடைகள் ஏறிவிட்டன.

"நாளைக்கு லீவு போட்டுட்டேன் அக்கா. சீக்கிரமே போய் வரிசையில நின்னா மதியத்துக்குள்ள கறி கிடைச்சிடும்" என்றான். நட்சத்திரம் வந்த அந்த வாரத்திலேயே போய் நிற்க அவனுக்கு ஆசை. எனக்கோ பழைய பார்பிக்யூ கடைகளுக்குப் பேர்போன லாக்ஹார்ட் என்ற சின்ன ஊருக்குப் போக வேண்டும். இந்தச் சமையல் கறிக்கடைகளின் பின்கட்டில் வளர்ந்த கதையைப் படித்ததிலிருந்து, அப்படி ஒரு பின்கட்டு இன்னும் மிச்சமிருந்தால் பார்த்துவிட வேண்டும் என்ற நினைப்பு. லாக்ஹார்ட்டுக்கு நட்சத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. "அதனால வரிசை சின்னதா இருக்கும்" என்று சொன்னதும் தம்பி ஒத்துக்கொண்டான்.

"அண்ணி, எனக்கு மாடு வேண்டாம். பன்னிக்கறி இருந்தா வரேன்" என்றாள் அவன் மனைவி. இருக்கிறது. விலா, சாப்ஸ் இரண்டும்.

நவம்பர் 15, வெள்ளி மதியம், லாக்ஹார்ட்

ஆஸ்டினிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சுமார் 14,000 பேர் வாழும் ஊர். நடுவில் 1894-ஆம் ஆண்டு நீதிமன்றம், மணிக்கூண்டோடு. 1999-இல் டெக்சாஸ் சட்டமன்றத்தின் கீழவை இந்த ஊரை மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகரம் என்று தீர்மானம் போட்டு அறிவித்தது. இவ்வளவு சின்ன ஊரில் பெயர்பெற்ற பழைய கடைகள் இத்தனை என்றால், தீர்மானம் போடாமலும் முடியாது. பிளாக்ஸ் 1932 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. க்ரோய்ட்ஸ் மார்க்கெட் 1900-இல் தொடங்கியது. நாங்கள் முதலில் போனது ஸ்மிட்டீஸ் மார்க்கெட்.

பின்வாசல் வழியாக நுழைந்தோம். வெளியில் நல்ல வெயில் என்பதால் உள்ளே சற்று நேரம் ஒன்றும் புலப்படவில்லை. 1924-இல் கட்டிய செங்கல் கட்டடம். சுவர், கூரை, விட்டம் எல்லாவற்றிலும் கரி ஏறிப் பளபளக்கிறது. கண் பழகியதும் முதலில் தெரிந்தது நெருப்பு. நடைபாதைக்கு அருகில், வெறும் தரையில், கதவும் கண்ணாடியும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. தம்பி மனைவி துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அடுப்பின் அமைப்பைப் பார்க்க வரிசையில் மெதுவாக நகர்வதே வசதியாக இருந்தது. இடுப்பளவு உயரத்தில் நீளமான செங்கல் தொட்டி. மேலே கனத்த இரும்பு மூடி. உள்ளே கம்பித் தட்டில் கறி. நெருப்பு தொட்டிக்குள் இல்லை, ஒரு முனையில், அதன் வாயருகே தரையில் இருக்கிறது. மறுமுனையில் புகைபோக்கி. புகைபோக்கி இழுக்கும் இழுப்பில் சூடும் புகையும் தொட்டியின் நீளம் முழுவதும் கறியைத் தடவிக்கொண்டு போகின்றன. விசிறி கிடையாது, பொத்தான் கிடையாது. வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் விறகைத் தள்ளுவது, இழுப்பது, மூடியைத் திறப்பது என்று ஆளின் கைதான்.

விறகு போஸ்ட் ஓக். இந்தப் பக்கத்து நிலத்தில் தாராளமாக வளரும் மரம். மாதக்கணக்கில் காயவைத்த கட்டையாக இருக்க வேண்டும். ஈர விறகு அடர்புகை கக்கிக் கறியைக் கசக்க வைத்துவிடும். நன்றாகக் காய்ந்தது மெல்லிய, நீலம் பாய்ந்த புகை விடும்.

வரிசை வெட்டுக் கட்டையில் போய் முடிகிறது. எடைக்கணக்கு. நெஞ்சுக்கறியில் ஒரு பவுண்டு, கொழுப்புள்ள பக்கம், என்றான் தம்பி. மாட்டின் நெஞ்சுக்கறி இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தது. இரண்டின் இழைகளும் ஒரே திசையில் ஓடுவதில்லை. வெட்டுபவர் மெலிந்த பகுதியை முடித்துத் தடித்த பகுதிக்கு வந்ததும் கறியைக் கால்வட்டம் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி கத்தியை இறக்கினார். பேச்சு நிற்கவில்லை, பார்வையும் எங்கள் மேல்தான். இழைக்குக் குறுக்கே விழுந்த துண்டு தன் கனத்திலேயே வளைந்தது. அந்தத் திருப்பலைச் செய்யாதவர் வெட்டினால் எத்தனை மணி நேரம் வேகவைத்த கறியும் நாராகத்தான் வரும்.

தட்டு இல்லை. கறிக்கடைப் பழுப்புக் காகிதத்தை இரண்டடுக்காக விரித்து, கறியை வைத்து, கூடவே உப்பு பிஸ்கட் ஒரு கை அள்ளிப் போட்டு மடித்துக் கொடுத்தார்கள். ஊறுகாய், வெங்காயம், குடிக்க ஏதாவது வேண்டுமென்றால் அடுத்த கூடத்தில் தனியே வாங்க வேண்டும். அங்கே நீள மேசைகள். முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் உட்கார்ந்து தின்கிறார்கள். ஒரு காலத்தில் சாப்பிடும் பலகைகளில் கத்திகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்களாம்.

நெஞ்சுக்கறியின் மேல்தோடு கறுத்து மொறுமொறுப்பாக இருந்தது. உப்பு, மிளகு, புகை. வேறு மசாலா என்று நாக்குக்கு எதுவும் தட்டுப்படவில்லை. உள்ளே ஓரமாக இளஞ்சிவப்பு வளையம். கொழுப்பு உருகி வாயிலேயே கரைந்தது. பன்னி சாப்ஸைக் கடித்த தம்பி மனைவி, ஒன்றும் பேசாமல் இன்னொன்று வாங்கி வரச் சொல்லி அவனைக் கிளப்பினாள்.

எனக்குப் பிடித்தது சாசேஜ். இரண்டு முனையும் நூலால் கட்டிய வளையம். கரகரப்பாக அரைத்த கறி, பெரும்பாலும் மாடு. குடல் தோல் வெடித்ததும் சாறு மணிக்கட்டு வரை ஓடியது. உப்பு பிஸ்கட்டை ஏன் கூடவே தருகிறார்கள் என்று அப்போது புரிந்தது. அந்தச் சாற்றை ஒற்றியெடுக்கத்தான்.

அதே நாள், மாலை

க்ரோய்ட்ஸுக்கும் போனோம். வயிற்றில் இடமில்லை. இந்த இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு குடும்பக் கதை இருப்பதால்தான் போனது.

நாங்கள் மதியம் சாப்பிட்ட கட்டடம் முன்பு க்ரோய்ட்ஸ் மார்க்கெட்டாக இருந்தது. 1948-இல் எட்கர் ஷ்மிட் என்பவர் அதை வாங்கினார். ஊரில் அவருக்கு ஸ்மிட்டி என்று பெயர். வியாபாரம் மகன் ரிக்கின் கைக்கு வந்தது. அவர் காலத்துக்குப் பிறகு கட்டடம் மகள் நீனாவுக்குப் போயிற்று. கிணறு ஒருவருக்கு, தண்ணீர் ஒருவருக்கு என்று பிரித்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. வாடகை, குத்தகை என்று மனத்தாங்கல். 1999-இல் ரிக் கடையைக் கிளப்பிக்கொண்டு, அதே ஊரில் கொஞ்ச தூரம் தள்ளி, பெரிய கொட்டகை போல் புதுக் கட்டடம் எழுப்பினார். போகும்போது பழைய அடுப்பிலிருந்து கங்குகளை ஒரு இரும்புத் தொட்டியில் அள்ளித் தெருவழியாக இழுத்துப் போய்ப் புது அடுப்பை மூட்டினார். பெயர் அவரோடு போயிற்று. பழைய கட்டடத்தில் நீனா அப்பாவின் பட்டப்பெயரில் ஸ்மிட்டீஸைத் திறந்தார்.

"நம்ம வீட்டை நீ எடுத்துக்கோ அக்கா. அம்மாவோட மீன்குழம்புச் சட்டியை நான் எடுத்துக்கறேன்" என்றான் தம்பி. சட்டியைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

க்ரோய்ட்ஸ் நெடுங்காலம் முள்கரண்டியும் சாஸும் தராத கடையாக அறியப்பட்டது. வெளியூர்க்காரர்களுக்கு அது வீம்பாகப் படும். ஆனால் கறிக்கடையில் முள்கரண்டி எதற்கு? வாங்கிப் போகும் பொருளுக்குக் காகிதம் போதும். சாஸ் ஊற்றுவது சமையல்காரரின் வேலை, கசாப்புக்காரரின் வேலை இல்லை. இன்று மரபு என்று பெருமையோடு காட்டப்படுவதில் பெரும்பங்கு, அன்றைக்குக் கடையில் இல்லாதவற்றின் பட்டியல்.

நவம்பர் 16, சனி

மிச்சக் கறியைத் தம்பி வெங்காயத்தோடு வதக்கித் தோசைக்குத் தொட்டுக்கொண்டான். நான் காபியோடு உட்கார்ந்து அவனிடம் இருந்த புத்தகங்களைப் புரட்டினேன்.

நெஞ்சுக்கறி கடினமான கறி. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்பாதி உடலின் பாரத்தை நெஞ்சுத் தசைகள்தான் தாங்குகின்றன. உழைத்த தசையில் கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் மிகுதி. அது ஜெலட்டினாக உருக மணிக்கணக்கில் மிதமான சூடு வேண்டும். சீராக வெந்துகொண்டிருக்கும் கறியின் உள்வெப்பம் 65, 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் வந்ததும் சில மணி நேரம் ஏறவே ஏறாது. புதிதாகச் சமைப்பவர்கள் பதறி விறகை அடுக்குவது அப்போதுதான். காரணம் மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே காரணம். கறியிலிருந்து கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஈரம் குறைந்ததும் வெப்பம் தானாக ஏறும். 90 டிகிரியைத் தாண்டியதும் கறி குழைந்துவிடும். அந்த இளஞ்சிவப்பு வளையத்துக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை. புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு தசையின் மயோகுளோபினோடு சேர்ந்து நிறத்தைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு செய்தி. டெக்சாஸ் பார்பிக்யூ என்றதும் எல்லோரும் நெஞ்சுக்கறியைச் சொல்கிறார்கள். ஆனால் அது முன்னணிக்கு வந்தது அப்படியொன்றும் பழங்கதை இல்லை. முழு மாட்டையோ முன்கால் பாதியையோ வாங்கி அறுத்த காலத்தில், தோள், கழுத்து, நெஞ்சு என்று விற்காமல் நின்றதெல்லாம் அடுப்புக்குப் போயிற்று. லாக்ஹார்ட்டின் பழைய துண்டு தோள்கறி. 1960களின் பிற்பகுதியில் அயோவா பீஃப் பேக்கர்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் மாட்டை ஆலையிலேயே அறுத்துப் பாகம் பாகமாகப் பெட்டியில் அனுப்பத் தொடங்கின. அதன்பின் எந்தக் கடையும் நெஞ்சுக்கறி மட்டும் வேண்டுமென்று கேட்டு வாங்க முடிந்தது. அப்போது அது மலிவு. மலிவானது பரவியது, பரவியது மரபாயிற்று.

நவம்பர் 17, ஞாயிறு

ஊர் திரும்புவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

கடைகளில் சொல்லப்படும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியர்களும் செக் நாட்டவர்களும் மத்திய டெக்சாஸில் குடியேறிக் கறிக்கடை வைத்தார்கள். குளிர்ப்பெட்டி இல்லாததால் விற்காத கறியைப் புகையில் போட்டார்கள், துண்டு துணுக்குகளைச் சாசேஜாக்கினார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கதையில் விற்றவர் மட்டுமே இருக்கிறார். வாங்கித் தின்றவர் யார்?

ராப் வால்ஷ் தம் டெக்சாஸ் பார்பிக்யூ நூலில் (2002) அவர்களை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள், கறுப்பர்கள், மெக்சிகர்கள். நிறப்பிரிவினை நிலவிய காலம். பல உணவகங்களில் அவர்கள் உட்கார முடியாது. கறிக்கடையில் பொட்டலம் வாங்கத் தடையில்லை. சூடான கறியைக் காகிதத்தில் வாங்கி, அதே கடை அலமாரியிலிருந்து பிஸ்கட்டும் ஊறுகாயும் எடுத்து, அங்கேயே நின்றோ வெளியே குந்தியோ தின்றார்கள். நேற்று முன்தினம் என் கையில் வந்த பொட்டலத்தின் ஒவ்வொரு பொருளும் அந்த மதியச் சாப்பாடுதான். இன்னொரு பக்கம், குழி வெட்டித் தணலில் முழு விலங்கை இரவெல்லாம் வாட்டும் வித்தையைத் தெற்கிலிருந்து கிழக்கு டெக்சாஸுக்குக் கொண்டுவந்தவர்கள் அடிமைகளாக இருந்த கறுப்பினச் சமையல்காரர்கள். கடைகளின் பெயர்ப்பலகையில் வருவது குடும்பப் பெயர். அடுப்படியில் நின்றவர் பெயர் அபூர்வமாகத்தான் வரும்.

இதை வைத்து லாக்ஹார்ட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஊர் செய்த நல்ல காரியம், பின்கட்டை இடிக்காமல் விட்டது. தரையில் எரியும் நெருப்பைக் கண்ணாடிக்குப் பின்னால் தள்ளவில்லை. காகிதத்துக்குப் பதில் பீங்கான் வைக்கவில்லை. ஏழை ஒருவரின் அரை மணி நேர மதிய இடைவேளை எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கட்டடத்தில் நின்றால் இன்றைக்கும் ஊகிக்கலாம்.

மாறியது விலைதான். நெஞ்சுக்கறி இப்போது ஒரு பவுண்டு இருபது டாலருக்கு மேல். சமைக்கும்போது எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உருகியும் ஆவியாகியும் போய்விடுவதால் கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை வரிசையில் எங்களைப் போல் படமெடுத்துக்கொண்டு நின்ற வெளியூர்க்காரர்கள் வாங்கியது நெஞ்சுக்கறி. எங்களுக்கு முன்னால் சிமெண்டு படிந்த பூட்ஸோடு நின்ற இரண்டு பேர் வாங்கியது ஆளுக்கு இரண்டு சாசேஜ் வளையமும் பிஸ்கட்டும். அவர்கள் தின்று முடித்துக் காகிதத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டுக் கிளம்பியபோது நாங்கள் இன்னும் எதை எதில் தொட்டுக்கொள்வது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

தம்பிக்கு எழுதி வைக்கிறேன்: அடுத்த தடவை நண்பர்களை அழைத்துப் போனால் நெஞ்சுக்கறியோடு நிறுத்தாதே. தோள்கறி கேள், சாசேஜ் கேள். பின்வாசல் வழியாகவே கூட்டிப் போ. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசு. பெயரைக் கேட்டுக்கொள்.