தலை கடைசியில்

"அங்க போய் என்னடா சொல்லிக் குடுக்கறே?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"படகு கவுந்தா, வெளியே வராம, உள்ளே உக்காந்தபடியே நிமிர்றதும்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கவுக்காம ஓட்டச் சொல்லிக் குடுத்தாப் போதாதா?"

நியாயமான கேள்விதான். நீங்களும் அதையேதான் கேட்பீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன இடத்தில் எனக்குப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இந்தக் கயாக். சனி, ஞாயிறுகளில் ஆரம்பித்தது, பிறகு லீவையெல்லாம் தின்றது. 2019 கோடையில் ஆறு வாரம் வடக்கு வேல்ஸில், ஹோலிஹெட் பக்கத்தில் ஒரு சின்ன வளைகுடாவில், கடல் கயாக் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். சம்பளம் கிடையாது. தங்க இடம், சாப்பாடு, ஓயாத தேநீர். "தலைகீழாத் தொங்கறதுக்கு ஃப்ளைட் டிக்கெட் வேறயா?" என்றாள் மனைவி. பெட்டி மட்டும் அவள்தான் அடுக்கிக் கொடுத்தாள்.

நம் மெரினா கட்டுமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அலையில் புரண்டால் மீனவர் நீந்தி வந்து, புரட்டிப் போட்டு, மேலே ஏறிக்கொள்வார். உள்ளே தண்ணீர் புக 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. கயாக் அப்படியல்ல. பதினேழு அடி நீளம், இரண்டடிக்கும் குறைவான அகலம். நடுவில் ஒரு ஓட்டை. அதில் காலை நீட்டி உட்கார்ந்து, இடுப்பில் கட்டிய ரப்பர் பாவாடையின் ஓரத்தை ஓட்டையின் விளிம்பில் இழுத்து மாட்டிவிட வேண்டும். (பாவாடை என்றுதான் பெயர். ஆண்கள் முதல் நாள் கொஞ்சம் நெளிவார்கள்.) இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. இடுப்புக்குக் கீழே நீங்கள் படகு. கவிழ்ந்தால் படகு மட்டும் கவிழாது, நீங்களும் சேர்ந்து கவிழ்வீர்கள்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்கள். அவர்கள் ஊரில் மரம் வளராது. கடலில் மிதந்து வந்து கரை ஒதுங்கும் கட்டைகளைச் செதுக்கி, எலும்புக்கூடு மாதிரி சட்டம் கட்டி, மேலே சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள். அதில் உட்கார்ந்து அதே சீலை வேட்டையாடினார்கள். அந்தக் கடலில் விழுந்தால் நீச்சல் தெரிந்தும் பிரயோஜனமில்லை, குளிர் முடித்துவிடும். ஆகவே படகை விட்டு வெளியே வருவது என்ற பேச்சே இல்லை. கவிழ்ந்தபடியே நிமிர வேண்டும். துடுப்போடு நிமிர, துடுப்பு போய்விட்டால் ஈட்டி எறியும் பலகையை வைத்து நிமிர, அதுவும் இல்லாவிட்டால் வெறுங்கையால் நிமிர என்று விதவிதமாகக் கற்று வைத்திருந்தார்கள். கிரீன்லாந்தில் இன்றைக்கும் இதற்குத் தேசியப் போட்டி நடக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட விதங்கள், கையில் கல்லைப் பிடித்துக்கொண்டு நிமிர்வது உட்பட.

ஐரோப்பாவுக்கு இந்த வித்தை போன கதை சுவாரஸ்யம். புத்தகத்தைப் பார்த்து நீச்சல் கற்பவர்களை நாம் கேலி செய்வோம் இல்லையா? ஆஸ்திரியாவின் பவ்லாட்டா என்பவர் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார். கிரீன்லாந்து பற்றி எழுதியவர்களின் குறிப்புகளைப் படித்துப் படித்து, 1927ல் ஓர் ஏரியில் தானாகவே நிமிர்ந்துவிட்டார். அவர் பெயரில் இன்றும் ஒரு 'ரோல்' இருக்கிறது.

வகுப்புக்கு வருகிறேன். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பேன். கோடையிலேயே பல்லைக் கிட்டவைக்கும் தண்ணீர். மாணவர் மூக்கில் கிளிப் மாட்டி, என் கைகளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்வார். பாதி சாய்ந்ததும், கையை அழுத்தாமல், இடுப்பையும் முழங்காலையும் வைத்துப் படகைத் திருப்ப வேண்டும். படகு முதலில், உடம்பு அடுத்து, தலை கடைசியில். இதுதான் மொத்தப் பாடமும். அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். கற்க நாலு நாளும் ஆகும், நாலு வருடமும் ஆகும்.

ஏனென்றால் தண்ணீருக்குள் தலைகீழாக இருக்கும் மனிதனுக்கு ஒரே ஒரு ஆசைதான்: மூச்சு. தலை முதலில் மேலே வரத் துடிக்கும். தலையைத் தூக்கினீர்களோ, உங்களை அறியாமல் தப்பான முழங்கால் அழுத்தும், படகு மறுபடி உங்கள் மேல் கவிழும். காற்றுக்காகச் செய்கிற காரியமே காற்றைக் கிடைக்காமல் செய்துவிடும். பாங்கில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் வந்திருந்தான், ஜிம் கைகள். துடுப்பை உடைத்துவிடுவான் போல இழுப்பான், தலை புஸ்ஸென்று மேலே வரும், பாதி மூச்சோடு திரும்பவும் உள்ளே போவான். பலசாலிகளுக்குத்தான் இது லேசில் வராது. பலம் இருப்பதால் தப்பாகச் செய்தும் கொஞ்ச தூரம் வந்துவிடுகிறார்கள்.

அந்த வகுப்பில் அறுபது தாண்டிய ஒரு பெண்மணி. ரிடையர்டு கணக்கு டீச்சர். பத்து வருடமாகக் கடலில் படகு ஓட்டுபவர், ரோல் மட்டும் வரவில்லை. ஒல்லியான தேகம். என் ஒவ்வொரு வாக்கியத்தையும் நோட்டில் எழுதிக்கொள்வார். மூன்றாம் நாள் மதியம், கன்னத்தைத் தோளில் ஒட்டி, துடுப்பின் நுனியையே பார்த்தபடி, தூக்கத்தில் புரண்டு படுப்பது போலச் சத்தமில்லாமல் நிமிர்ந்தார். "இவ்வளவுதானா?" என்றார். "தலைக்குத்தான் இத்தனை நாளா?"

சாயங்காலங்களில் நான் வாட்கின்ஸ் கதை சொல்வேன். ஜினோ வாட்கின்ஸ், ஆங்கிலேயர், துருவப் பயணி. கிரீன்லாந்துக்காரர்களிடமே கயாக் வேட்டையும் ரோலும் கற்றவர். 1932 ஆகஸ்டில் தனியாக சீல் வேட்டைக்குப் போனார். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. வயது 25. இதைச் சொல்லி முடித்து ஒரு நிமிடம் மௌனமாக இருப்பேன். நல்ல எஃபெக்ட் கிடைக்கும். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

ஆகஸ்டில் பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள். அந்தச் சமயத்தில் அங்கே கடல் ஏற்றமும் வற்றும் உச்சத்தில் இருக்கும். சவுத் ஸ்டாக் என்று 1809லிருந்து நிற்கும் ஒரு கலங்கரை விளக்கம். அதற்குத் தெற்கே பென்ரின் மாவர் என்ற முனை. பாறைகளுக்கு இடையே கடல், ஆறு மாதிரி ஒரே திசையில் ஓடும். எதிர்க்காற்று சேர்ந்தால் அலைகள் நின்ற இடத்திலேயே எழுந்து எழுந்து உடையும். மாணவர்களைப் பாறை மறைவில் அமைதித் தண்ணீரில் நிறுத்திவிட்டு, உள்ளூர் பயிற்சியாளரை அவர்களோடு விட்டு, "பாருங்க" என்று நான் அலைக்குள் போனேன். அவசியமில்லை. காட்ட வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

பக்கவாட்டில் ஒன்று உடைந்தது. தலைகீழ்.

வளைகுடாவில் ஆயிரம் தடவை கவிழ்ந்தவன் நான். அங்கே கீழே அமைதியாக இருக்கும், மணல் தெரியும். இங்கே ஒரே இரைச்சல், வெள்ளை நுரை, எந்தப் பக்கம் மேல் என்றே புரியவில்லை. முதல் தடவை துடுப்பு ஆழத்தில் இறங்கிவிட்டது. இரண்டாம் தடவை முகம் வெளியே வந்தது, காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்தேன். மூன்றாவது தடவை என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. பாவாடையின் பட்டையைப் பிடித்து இழுத்து வெளியே வந்துவிட்டேன்.

நீரோட்டம் என்னையும் படகையும் முனைக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போனது. உள்ளூர்க்காரர் பாங்க் பையனைப் பாறையிலிருந்து விலக்கிக்கொண்டிருந்தார். என் பின்னாலேயே துடுப்புப் போட்டு வந்தது கணக்கு டீச்சர்.

"படகை விடாதீங்க. மூக்குப் பக்கத்தை என்கிட்ட குடுங்க" என்றார். நான் சொல்லிக் கொடுத்த அதே வரிசை, அதே வார்த்தைகள். என் படகின் முனையைத் தன் மடிமேல் இழுத்துக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார், நிமிர்த்தினார், தன் படகோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். "இப்ப ஏறுங்க." நடுங்கிக்கொண்டே ஏறினேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்று இரவு மனைவியிடம் போனில் "இன்னிக்கு நல்ல காத்து" என்று மட்டும் சொன்னேன். அம்மாவிடம் அதையும் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை. மறுநாள் வகுப்பில் சொல்ல மூன்று காரணங்கள் தயார் செய்தேன்: அலை வந்த கோணம், இரவல் துடுப்பு, படகு எனக்குப் பழக்கமில்லாதது. மூன்றும் உண்மைதான் என்பதுதான் விசேஷம்.

காலையில் ஐந்து பேரும் கரையில் நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் மூக்குக் கிளிப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்க பண்ணுங்க, நான் பார்க்கறேன்." இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி என் படகுப் பக்கத்தில் நின்றுகொண்டார். என் இடத்தில்.

கவிழ்ந்தேன். நிமிர்ந்தேன். எனக்குச் சரியாகத்தான் பட்டது.

"தலை கொஞ்சம் முன்னாடி வந்துடுது" என்றார்.

"நேத்து பயத்துல..."

"இல்லை, இப்பவே. நான் கத்துக்கும்போதும் உங்களைப் பார்த்தேன். இந்தத் தண்ணியிலே அது தெரியாது." நோட்டில் எழுதியிருந்தாராம். சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டாராம்.

பாங்க் பையன் சிரிக்கவில்லை. அதற்காக அவனுக்கு இன்றும் நன்றி.

"இன்னொரு தரம்" என்றார் டீச்சர். கிளிப்பை அழுத்திக்கொண்டு, இடது பக்கமாகச் சாய்ந்தேன்.