எடைத்தட்டின் முன்னால்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை ஊர் திரும்பும் நாள் நெருங்கினால், நம் பங்கு மக்களின் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: “எத்தனை கிலோ கொண்டு வரலாமாம்?” 30 என்பார் ஒருவர், 23 என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம், தடத்துக்குத் தடம், சீட்டின் விலைக்கு விலை அந்த எண் மாறுகிறது. பல ஆண்டுகளாக இக்கேள்வியை நாம் புன்னகையோடு கேட்டுக் கடந்து வந்திருக்கிறோம். இரண்டு அங்கிகளும் ஒரு செபநூலும் நாலைந்து புத்தகங்களும் கொண்டு செல்லும் அருள்பணியாளனுக்குக் கிலோக் கணக்கு எதற்கு? அதன் பொருள் நமக்கு விளங்கியது 2023-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில்தான்.

அவ்வாண்டு வளைகுடா நாடொன்றில் வாழும் தமிழ் மக்களுக்குத் தியானம் கொடுக்கச் சென்றிருந்தோம். பணி முடிந்து திருச்சிக்குத் திரும்பும் இரவு, விமான நிலையத்தில் நீண்ட வரிசை. நமக்கு முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் தொழிலாளி; சிவகங்கைப் பக்கம் ஒரு சிற்றூர்; ஊருக்குப் போய் இரண்டரை ஆண்டு ஆயிற்று என்றார். நான்கு பக்கமும் கயிறு கட்டி, மேலே பெயரையும் ஊரையும் பெரிய எழுத்தில் எழுதிய அட்டைப் பெட்டி ஒன்று அவர் காலடியில் இருந்தது.

பெட்டி எடைத்தட்டில் ஏறியது. 36.5 கிலோ. அனுமதி 30. மிகுதிக்குக் கட்ட வேண்டிய தொகையைப் பணியாளர் சொன்னார். ஏறத்தாழ ஒரு வாரக் கூலி அது. அவர் வாதாடவில்லை. பெட்டியை இறக்கி, ஓரமாக இழுத்துச் சென்று, தரையில் அமர்ந்து கயிற்றை அவிழ்த்தார்.

உள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தடித்த கம்பளிப் போர்வை ஒன்று, பால்மாவு டப்பாக்கள், சோப்புக் கட்டிகள், பேரீச்சம்பழப் பொதி, தலைவலித் தைலம், பெண் குழந்தைக்கான ஒரு சோடிக் காலணி. எதை விடுவது, எதை வைப்பது என்று அவர் கை தயங்கித் தயங்கி நகர்ந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஊரில் ஒரு முகம் இருந்திருக்கும். இரண்டரை ஆண்டுகளாக ஒவ்வொரு சம்பளத்திலும் கொஞ்சம் பிடித்துச் சேர்த்த அன்பு, ஊரார் பார்வையில், மின்விளக்கு வெளிச்சத்தில், தரையில் பரப்பிக் கிடந்தது.

அடுத்த வரிசை குட்டையானது. அடிக்கடி பறப்போருக்கென ஒதுக்கியது. அங்கே கோட்டு அணிந்த ஒருவரின் இரு பெட்டிகள் ஏறின. இரண்டும் சேர்ந்து 44 கிலோ. அவர் பொன்னிற அட்டை ஒன்றை நீட்டினார். பணியாளர் முகமலர்ச்சியோடு சீட்டு ஒட்டி அனுப்பினார். தாலந்து உவமையின் முடிவு மறையுரை ஆற்றுவோரை எப்போதும் திணற வைக்கும். அந்த இரு வரிசைகளுக்கும் நடுவே நின்றபோது அது நமக்கு நினைவுக்கு வந்தது.

நம் பெட்டி 11 கிலோ. நமக்கும் அனுமதி 30. அதாவது 19 கிலோவுக்கான இடம் நம் பெயரில் வெறுமையாகக் கிடந்தது. நம்மை வழியனுப்ப வந்த இளைஞர் ‘சாமி’ என்று அழைத்ததைக் கேட்டிருப்பார் போலும். அந்தத் தொழிலாளி போர்வையைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வந்தார்.

“சாமி, உங்க பெட்டி சின்னதாத் தெரியுது. இந்தப் போர்வையை மட்டும் உங்க கணக்குல போட்டுக்கிட முடியுமா? அம்மாவுக்கு வாங்கினது.”

நாம் சற்றுத் தயங்கினோம். பிறகு, “தம்பி, அடுத்தவர் பொருளை நம் பெட்டியில் எடுத்துச் செல்லக் கூடாது. அது விதி” என்றோம்.

“நீங்க சொல்றதும் சரிதான் சாமி” என்று சொல்லி அவர் திரும்பிப் போனார்.

போர்வையைத் தோளில் சால்வை போலப் போர்த்திக்கொண்டார். இரண்டு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டார். காலணி கைப்பைக்குள் போயிற்று. பால்மாவும் பேரீச்சம்பழமும் மிஞ்சின. அவற்றை அவர் குப்பைத் தொட்டியில் போடவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளியை அழைத்து அவர் கையில் கொடுத்தார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. அவர் வாங்கிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தார்.

எடைக்கு வரம்பு வேண்டாம் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். விமானம் ஏறும் எடையைப் பொறுத்தே அதன் எரிபொருளும், ஓடுதளத்தில் அது ஓட வேண்டிய தொலைவும், நடுவில் தாங்கும் சமநிலையும் கணக்கிடப்படுகின்றன. 2003 சனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரிலிருந்து கிளம்பிய ஒரு சிறு விமானம் உடனே வீழ்ந்து 21 பேரும் மாண்டனர். பராமரிப்பில் நேர்ந்த பிழையோடு, கணக்கில் எழுதியதைவிட உண்மை எடை மிகுந்திருந்ததும் காரணம் என்று விசாரணை கண்டது. இன்னொரு வரம்பும் உண்டு. தனிப் பெட்டி எதுவும் 32 கிலோவைத் தாண்டலாகாது என்று பெரும்பாலான நிறுவனங்கள் விதித்திருக்கின்றன. அது பெட்டி தூக்கும் தொழிலாளியின் முதுகைக் கருதியது. பொன் அட்டை வைத்திருப்பவருக்கும் பொதுவாக அது தளர்வதில்லை. விதி யாரைக் காக்கிறதோ அவர் முகம் தெரியும்போது அதற்குக் கீழ்ப்படிவது எளிது.

ஆனால் 30 கிலோ 50 கிலோவாக நீள்வது எந்தக் கணக்கில்? அது வாணிபக் கணக்கு. அமெரிக்க அரசு 1978-இல் விமானக் கட்டணங்களின்மீது வைத்திருந்த கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் இயற்றியது. நிறுவனங்களுக்குள் போட்டி மூண்டது. வந்த பயணியைப் பிடித்து வைக்க வழி தேடியபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே முதல் நாளில், பறந்த தூரத்தைப் புள்ளியாகச் சேர்த்துக்கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஏனையோரும் பின்தொடர்ந்தனர். 1997-இல் ஸ்டார் அலையன்ஸ் என்னும் கூட்டமைப்பு தோன்றியது. நம் ஏர் இந்தியா 2014-இல் அதில் சேர்ந்தது. அதன் பொன் நிலைப் பயணிக்கு, எடையைக் கணக்கிடும் தடங்களில் 20 கிலோ கூடுதல். பெட்டியை எண்ணும் தடங்களில் ஒரு பெட்டி கூடுதல். அடிக்கடி வரும் வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் ஒரு பிடி அதிகம் அள்ளிப் போடுவதில்லையா? அதுவே இங்கும் நடக்கிறது. குற்றம் சொல்ல முடியாது.

கோட்டு அணிந்த அன்பர் விமானம் ஏறும் வாயிலருகே நம் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தார். பேச்சுக் கொடுத்தார், நல்ல மனிதர். “மாதம் இரண்டு முறை பறக்கிறேன், ஃபாதர். பெரும்பாலும் கைப்பை ஒன்றுதான். கொடுக்கும் எடையை ஆண்டுக்கு ஒரு தடவை பயன்படுத்தினால் அதிகம். இன்றைக்கு மகள் திருமணத்துக்காக வாங்கியது இருந்ததால்தான் இவ்வளவு” என்றார். அவர் சொன்னதில்தான் முரண் முழுமையாகத் தெரிந்தது. மாதம் இருமுறை போகிறவர் எதையும் அடுத்த முறை கொண்டு போகலாம். அவருக்குப் பெட்டி தேவையில்லை. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை போகிறவருக்கு அடுத்த முறை என்பது கிடையாது. எடை தேவைப்படுவது அவருக்கே. நெகிழ்ச்சியோ வருகையை எண்ணித் தரப்படுகிறது. பிரிவை எண்ணித் தருவார் இல்லை.

பயணியின் சுமையைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதைப் பின்னர் படித்து அறிந்தோம். 1929-இல் வார்சாவில் உருவான பன்னாட்டு உடன்படிக்கை, தொலைந்த பெட்டிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று இழப்பீட்டு வரம்பு வகுத்தது. உள்ளே வைரம் இருந்தாலும் வைக்கோல் இருந்தாலும் எடைக்கே விலை. எழுபது ஆண்டுகள் கழித்து, 1999-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை அக்கணக்கை மாற்றியது. கிலோவை விட்டுவிட்டு, ஒரு பயணிக்கு இவ்வளவு என்றது. தொடக்கத்தில் 1,000 ஆக இருந்த வரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 ஆகியிருக்கிறது. ரூபாயோ டாலரோ அன்று, பன்னாட்டு நிதியத்தின் சிறப்பு எடுப்பு உரிமை என்னும் அலகில். இந்தியாவில் இவ்வுடன்படிக்கை 2009 முதல் நடப்பில் உள்ளது. பொன் அட்டைக்காரர் பெட்டி தொலைந்தாலும் கம்பி கட்டுபவர் பெட்டி தொலைந்தாலும் வரம்பு ஒன்றே. கிலோவுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்பதைக் காணச் சட்டத்துக்கு எழுபது ஆண்டுகள் ஆயின.

நமக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. ஆனாலும் காலம் கடந்தே தெரிந்தது. விமானம் எழும்பி விளக்குகள் அணைந்த பிறகு, சட்டையின் உட்பையில் ஏதோ உறுத்தியது. தியானம் முடிந்து மக்கள் அன்போடு கொடுத்த காணிக்கை உறை. அந்த ஆறரைக் கிலோவுக்குக் கட்ட வேண்டியதைப் போல இரு மடங்கு அதில் இருந்தது. பிறர் பொருளை நம் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று நாம் சொன்னது சரியே. பெட்டிக்குள் இருப்பதற்குப் பெட்டிக்கு உரியவரே பொறுப்பு. முன்பின் அறியாதவர் பொருளைச் சுமந்து சிறை சென்றவர்கள் உண்டு. இன்றும் நாம் அவ்வாறே சொல்வோம். ஆனால் அவருக்காகப் பணம் கட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. விதியைச் சொல்லிவிட்டோம், கடமை முடிந்தது என்று நம் மனம் அமைந்துவிட்டது. நாம் தயங்கிய அந்தச் சில நொடிகளில் உறை நினைவுக்கே வரவில்லை என்பதுதான் இன்றுவரை நம்மை உறுத்துகிறது. நான்கு வரிசை முன்னால், போர்வையைப் போர்த்தியபடி அவர் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி என்ன சொல்வது? திருச்சியில் இறங்கியபோது கூட்டத்தில் அவர் நம் கண்ணில் படவில்லை.

ஊர் வந்ததும் ஒரு சிறு தராசு வாங்கினோம். பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் எண்ணைக் காட்டுவது. அது பங்கு இல்லத்தின் திண்ணையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அயல்நாடு செல்லும் பிள்ளைகள் ஆசீர் பெற வரும்போது பெட்டியையும் கொண்டு வருகிறார்கள். நாம் அவர்களிடம் நான்கு செய்திகளைச் சொல்கிறோம். உங்கள் சீட்டில் இருப்பது எடைக் கணக்கா, பெட்டிக் கணக்கா என்று முதலில் பாருங்கள். கூடுதல் எடை தேவைப்பட்டால் முன்கூட்டியே வாங்குங்கள். விமான நிலையத்தில் கட்டுவதைவிடப் பெரும்பாலும் குறைவாக இருக்கும். பிறர் தரும் பொதியை வாங்காதீர்கள். பெட்டி சேதமடைந்தால் பெற்ற 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

ஐந்தாவது ஒன்றை நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். விமானப் பயணம் செல்லும்போதெல்லாம் ஒரு தனி உறையில் சிறு தொகை எடுத்து வைக்கிறோம். வரிசையில் யாரேனும் பெட்டியை அவிழ்க்க நேர்ந்தால் அது அவருக்கு. இதுவரை ஒரே ஒரு முறைதான் அது செலவாயிற்று. ஒரு தாய், பேரனுக்காகக் கட்டிய முறுக்குப் பொதியை வெளியே எடுக்கப் போனார். மூன்று கிலோ. “நீங்க யாரு, எனக்கு எதுக்குக் கட்டுறீங்க?” என்று கேட்டார். “ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இருக்கிறது அம்மா” என்றோம்.