ஈரல் யார் தட்டுக்குப் போகுது?

1/ மக்களே, இன்னைக்கு ஒரு சைனீஸ் சூப் பத்தி எழுதப் போறேன். தள்ளுவண்டியில கான்ஃப்ளாரைக் கரைச்சு, மிளகுத்தூள் தூவிக் குடுப்பாங்களே, அது இல்ல. கோழி ஈரலும் கீரையும் போட்டு 15 நிமிஷத்துல வைக்கிற வீட்டு சூப். ஆனா சூப்புக்கு முன்னாடி எங்க அம்மா கதையைச் சொல்லணும். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ 2025 ஜூலைல செஞ்சிக்கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் அந்தஸ்து கிடைச்சது. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு சொந்தக்காரங்க வரத்து அதிகமாச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ராஜகிரி ஏறக் கிளம்பினோம். அம்மாவும் வந்தாங்க.

3/ மேல ஏற ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அம்மா உக்காந்துட்டாங்க. "நீங்க போயிட்டு வாங்க தம்பி, நான் கல்யாண மகால் பக்கம் நிழல்ல இருக்கேன்." அம்மாவுக்கு வயசு 51. "வயசாகுதுல்ல, வெயில் வேற"ன்னு நானும் மேல போயிட்டேன். போட்டோ எல்லாம் எடுத்தேன்.

4/ இறங்கி வந்து தண்ணி பாட்டிலை நீட்டினப்பதான் அவங்க நகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. ஓபியில தினமும் எத்தனையோ பேருக்கு இமையை இழுத்துப் பார்க்கிறவன் நான். வீட்டுல ஒரே ஒரு தடவை கூட பார்த்ததில்ல.

5/ மறுநாள் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பமா இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழ போனாலே ரத்தசோகை. 8க்குக் கீழன்னா தீவிர ரத்தசோகை. அந்த நிலைமையிலதான் மூணு வேளை சமைச்சு, துணி துவைச்சு, கோட்டைக்கும் வந்திருக்காங்க.

6/ "எவ்ளோ நாளா இப்படி?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "ரெண்டு வருஷமா மாசாமாசம் ரொம்ப அதிகமா போவுதுப்பா. நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். உன்கிட்ட எப்படி சொல்றது?" டாக்டர் மகன் இருந்தும், டாக்டர் மகன்கறதாலயே சொல்லல.

7/ ஸ்கேன்ல கர்ப்பப்பை ஃபைப்ராய்டு கட்டி தெரிஞ்சது. மகப்பேறு மருத்துவர் மேடம் ரத்தப்போக்கைக் குறைக்க மருந்து குடுத்தாங்க. ரெண்டு தடவை நரம்பு வழியா இரும்புச்சத்து ஏத்தினாங்க, அப்புறம் மாத்திரை. சிகிச்சை இதுதான். கீழ வர்ற சூப் இதுக்குத் துணை மட்டுமே.

8/ அடுத்து சாப்பாடு. வீட்டுல கோழி எடுத்தா ஈரல் ரெண்டே துண்டு. சின்ன வயசுல இருந்து ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு அப்பாவுக்கு. அம்மாகிட்ட கேட்டா, "எனக்கு ஈரல் பிடிக்காது, கவுச்சி அடிக்கும்." முப்பது வருஷமா அதை அப்படியே நம்பிட்டேன்.

9/ பயிற்சி மருத்துவரா இருந்தப்ப கூட இருந்த நண்பன், குவாங்சோவுல எம்பிபிஎஸ் முடிச்சவன். ஈரல்னா அவன்கிட்ட கேட்கணும்னு தோணுச்சு. அந்தப் பக்கம் பன்றி ஈரலையும் கோஜி இலையையும் போட்டு சூப் வைக்கிறது சாதாரண வீட்டுச் சமையல். "கோழி ஈரலும் முளைக்கீரையும் போட்டு வைடா, இஞ்சி போட்டா கவுச்சி போயிடும்"னான்.

10/ செய்முறை, மூணு பேருக்கு: கோழி ஈரல் கால் கிலோ. கழுவி, நரம்பை எடுத்துட்டு மெல்லிசா நறுக்குங்க. ஒரு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் கான்ஃப்ளார், கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுப் பிசறி 10 நிமிஷம் வைங்க. அந்த மாவுதான் ஈரல் ரப்பர் மாதிரி ஆகாம காப்பாத்தும்.

11/ நாலு டம்ளர் தண்ணியில நசுக்கின இஞ்சி, பூண்டு போட்டுக் கொதிக்க விடுங்க. ஈரலைப் போட்டு 4 நிமிஷம். ஒரு துண்டை வெட்டிப் பாருங்க, உள்ள சிவப்போ ரோஸ் நிறமோ துளியும் இருக்கக் கூடாது. சரியா வேகாத கோழி ஈரல்ல சால்மோனெல்லா மாதிரி கிருமிகள் இருக்கலாம். கடைசியா ஒரு கைப்பிடி முளைக்கீரை, ஒரு நிமிஷம். சோயா சாஸ்லயே உப்பு இருக்கு, பார்த்துப் போடுங்க. இறக்கி எலுமிச்சை பிழியுங்க.

12/ ஏன் ஈரலும் கீரையும் சேர்த்து? கீரையில இருக்கற இரும்பை நம்ம குடல் கொஞ்சமாத்தான் உறிஞ்சும். ஈரல்ல இருக்கற ஹீம் இரும்பு சுலபமா சேரும். மாமிசமும் எலுமிச்சையும் கூட இருந்தா கீரை இரும்பும் கூடுதலா சேரும். சாப்பிட்ட உடனே டீ குடிச்சா அது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க.

13/ ஈரலுக்கு மருத்துவத்துல பெரிய வரலாறே இருக்கு. ரத்தம் இழந்த நாய்களுக்கு ஈரல் குடுத்தா வேகமா தேறுதுன்னு விப்பிள் கண்டார். மைனாட், மர்ஃபி ரெண்டு பேரும் 1926ல, அதுவரை உயிரைக் குடிச்ச ஒரு வகை ரத்தசோகைக்கு ஈரல் உணவு குடுத்துக் காப்பாத்தினாங்க. 1934ல மூணு பேருக்கும் நோபல் பரிசு. அந்த நோயில வேலை செஞ்சது பி12னு பின்னாடிதான் தெரிஞ்சது.

14/ ஆனா கணக்கைப் பாருங்க. 100 கிராம் கோழி ஈரல்ல சுமார் 9 மி.கி. இரும்பு. பெண்களுக்கு ஒரு நாளைக்கு ஐசிஎம்ஆர் சொல்ற அளவு 29 மி.கி. அரசு ஆஸ்பத்திரியில இலவசமா குடுக்கற ஒரு மாத்திரையில 60 மி.கி. ஹீமோகுளோபின் 7ல இருக்கறவங்க "நான் சூப் குடிச்சுக்கறேன்"னு மாத்திரையைத் தூக்கிப் போடாதீங்க. மலம் கருப்பா போறது மாத்திரையால, பயப்பட வேணாம்.

15/ யாருக்கு வேணாம்? கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கணும். அதுல வைட்டமின் ஏ ரொம்ப அதிகம், குழந்தைக்கு ஆகாது. யூரிக் ஆசிட், கவுட் இருக்கறவங்களும் வேணாம். மத்தவங்களுக்கும் வாரம் ஒரு தடவை போதும்.

16/ மொத நாள் சூப்பை நான்தான் வெச்சேன். அம்மா முன்னாடி கிண்ணத்தை வெச்சுட்டு எதிர்ல உக்காந்தேன். ஈரலை எல்லாம் கரண்டியால தள்ளி என் பக்கம் போடப் பார்த்தாங்க, விடல. ஒரு துண்டு சாப்பிட்டாங்க, அப்புறம் இன்னொண்ணு. "சின்னப் புள்ளையில எங்கம்மா கோழி அடிச்சா ஈரலை சுட்டு எனக்குத்தான் குடுக்கும்"னாங்க. பிடிக்காதுன்னு சொன்ன அதே அம்மா.

17/ நாலு மாசம் ஆச்சு. ஹீமோகுளோபின் 11.1. இன்னும் 12 வரல, மாத்திரை ஓடிட்டு இருக்கு. ராஜகிரி இன்னும் ஏறல. கேட்டா, "வெயில் தணியட்டும்"னு சொல்றாங்க.

18/ 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவுல 15-49 வயசுப் பெண்கள்ல 57% பேருக்கு ரத்தசோகை. அவங்கள்ல ஒருத்தர் உங்க வீட்டு அடுப்படியில நிக்கலாம். இன்னைக்கே கீழ் இமையை இழுத்துப் பாருங்க. மாசப்போக்கு எப்படி இருக்குன்னு கூச்சப்படாம கேளுங்க. பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் டெஸ்ட் இலவசம், கூட்டிட்டுப் போங்க. அடுத்த தடவை கோழி எடுக்கறப்ப, ஈரல் யார் தட்டுக்குப் போகுதுன்னும் கொஞ்சம் பாருங்க.