வலை பீரோவும் பால் பைத்தானும்

கார்த்திகை மாசம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அக்காகிட்ட இருந்து போன் வந்தது. அந்த நேரத்துக்குப் போன் வந்தால் கிராமத்துல யாரும் நல்ல சேதியை எதிர்பார்க்க மாட்டோம்.

"தம்பி, இவன் பாம்பு வளர்க்கறானாமா. அது காணாமப் போயிருச்சாமா. மூணு நாளாச்சு."

பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அவள் மகனைத்தான் சொன்னாள். எனக்கு முதல்ல கோபம்தான் வந்தது. தோட்டத்துக்குள்ள பாம்பு வரக்கூடாதுன்னு வேலியோரம் புல்லைச் செதுக்கி, வைக்கோல் போரைச் சுத்திச் சுத்தம் பண்ணி, ராத்திரி டார்ச்சு இல்லாம வாசப்படி இறங்காம வாழ்ந்துட்டு இருக்கோம். இவன் காசு செலவு பண்ணி வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சிருக்கான்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். பாம்பு கிடைச்சிருச்சு, பிரிட்ஜுக்குப் பின்னால கம்ப்ரஸர் சூட்டுல சுருண்டு கிடந்துச்சாம். விஷமில்லாத பாம்பு, மூணடி நீளம், பேரு பால் பைத்தான். பக்கத்துல நின்ன என் வீட்டுக்காரம்மா, "பால் குடிக்குமா கண்ணு?" என்று கேட்டாள். பால் இல்லை அத்தை, பந்து. பயந்தால் தலையை உள்ள வச்சுப் பந்து மாதிரி சுருண்டுக்கும், அதனால அந்தப் பேரு. மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்துப் பாம்பு. நம்ம ஊருப் பாம்பும் பால் குடிக்காதுங்கறது வேற விஷயம்.

சட்டத்துக்கு ஆகுமாடா என்றுதான் நான் முதல்ல கேட்டேன். நம்ம சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு எதையும் யாரும் வீட்டில் வளர்க்கக் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு இனங்களுக்குத் தனிக் கணக்கு. 2020ல் தானா முன்வந்து பதிவு செய்யச் சொன்னார்கள். அப்புறம் 2022ல் சட்டத்தைத் திருத்தி, 2024ல் விதியும் போட்டு, பரிவேஷ் தளத்தில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். வெளிநாடு போன சிநேகிதன் ஒருத்தன் காகிதத்தோடதான் இவனுக்குக் கொடுத்துட்டுப் போயிருக்கான். சரி, அந்தக் கவலை இல்லை.

தப்பிச்சது எப்படி என்று கேட்டேன். ஆன்லைன்ல முயல் கூண்டு ஒண்ணு ரெடிமேடா வாங்கியிருக்கான். போட்டோ அனுப்பினான். பார்க்க அழகாத்தான் இருந்தது. பைன் மரச் சட்டம், முன்னால கம்பிவலை, மேல ஓடு மாதிரி திறக்கிற கூரை, அடியில் புழுக்கை அள்ள இழுப்பறைத் தட்டு. போட்டோவைப் பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவுல விரல் நுழையிற சந்து. முயலுக்கு அது சந்தே இல்லை. பாம்புக்கு அது வாசல்.

இதுக்கு நான் படிச்சு வரலை. நாற்பது வருசமாக் கோழிக்கூடு அடைச்சே கத்துக்கிட்டது. தலை நுழைஞ்சா உடம்பு முழுக்க நுழையும், அவ்வளவுதான் கணக்கு. கோழிவலைன்னு கடையில விக்கறாங்களே, ஆறு மூலைக் கண்ணு, அது கோழி வெளிய போகாம இருக்கத்தான், பாம்பு உள்ள வராம இருக்க ஆகாது. ஒருதரம் காலையில கூடு திறந்தா சாரை ஒண்ணு வலையில பாதி வெளிய பாதி உள்ளயா மாட்டியிருக்கு. வரும்போது சல்லுனு வந்துருச்சு. ரெண்டு குஞ்சை முழுங்கின வயித்தோட திரும்பிப் போக முடியலை. வலையைக் கத்தரிச்சு எடுத்துவிட நானும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அரைமணி நேரம் போராடினோம்.

இவனோட பாம்புக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. ராத்திரியெல்லாம் மூக்கைக் கம்பிவலையில தேய்ச்சுத் தேய்ச்சு மூஞ்சி புண்ணாகியிருந்தது. அதோட வலைக்கூண்டுல சூடும் தங்காது, ஈரமும் தங்காது.

மார்கழியில ஊருக்கு வந்தான். வந்தவன் கண்ணு கொட்டாயில கிடந்த வலை பீரோ மேல விழுந்தது.

உங்களில் பலபேர் பாட்டி வீட்டில் பார்த்திருப்பீர்கள். தேக்குச் சட்டம், வாகைப் பலகை, மேல் பாதிக்குக் கம்பிவலைக் கதவு, கீழ்ப் பாதிக்குப் பலகைக் கதவு. காற்று போகும், பூனை போகாது. நாலு காலுக்கும் அடியில கல்லுக் கிண்ணம் வச்சுத் தண்ணி ஊத்தியிருக்கும், எறும்பு ஏறாது. பால், தயிர், முறுக்கு டப்பா எல்லாம் அதுக்குள்ளதான். எங்களுடையது கூட்டுக்குடும்பத்துக்குச் செஞ்சது, நாலடி அகலம், ஒண்ணே முக்காலடி ஆழம். நடுத்தட்டை எடுத்தால் மேல் பாதியே ரெண்டேகால் அடி உயரம் வரும். அம்மா சீர்வரிசையில கொண்டுவந்தது. பிரிட்ஜ் வந்த பிறகு கொட்டாய்க்குப் போனது.

"இது எதுக்கு கண்ணு?" என்றாள் அம்மா.

"புக்கு வெக்க அம்மாயி" என்றான்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. அதுக்குக் காரணம் இருக்கிறது. 1986ல எங்க சித்தப்பா சாளையில் தரையில் பாய் போட்டுத் தூங்கினவர், விடியக்காலை எழுந்து வயித்தை வலிக்குதுன்னு சொன்னார். அம்மா அந்தப் பீரோவுல இருந்து ஓமம் எடுத்துத் தண்ணி கொதிக்கவச்சுக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்துல கண் இமை ரெண்டும் இறங்கிப்போச்சு, பேச்சு குழறிப்போச்சு. கட்டுவிரியன் கடிச்சா அப்படித்தான், ராத்திரி தூக்கத்துல கடிக்கும், பெருசா வலிக்காது, பல் பட்ட தடம்கூடச் சரியாத் தெரியாது. எங்களுக்கு அப்போ அது தெரியாது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சது. அவருக்கு வயசு இருபத்தி நாலு. அம்மா கல்யாணமாகி வந்தப்ப அவர் டவுசர் போட்ட பையன். அவளேதான் சோறு போட்டு வளர்த்தாள். அன்னையில இருந்து எங்க வீட்ல ஓமத்தண்ணி வச்சதில்லை.

அதனால பொய்தான் சுலபமா இருந்தது.

ஆசாரியைக் கூப்பிட்டேன். பாம்புக்குன்னு சொன்னதும் உளியைக் கீழ வச்சுட்டார். "ஏனுங்க, நாகப் பிரதிஷ்டைங்களா?" என்றார். விவரம் சொன்னதும் ஒரு நிமிசம் யோசிச்சு, "கூலி மனுசனுக்கு செய்யற கூலிதானுங்களே?" என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பிச்சார்.

செஞ்ச வேலையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், யாராவது இந்த மாதிரி பழைய பீரோவோட மல்லுக்கட்டினால் உதவும். முதல் வேலை உள்பக்கத்தைச் சுரண்டுவது. எத்தனையோ வருசத்துப் பச்சைப் பெயிண்ட், அந்தக் காலத்துப் பெயிண்டுல ஈயம் இருக்கும். அதுக்கு மேல அம்மா வருசக்கணக்காப் போட்ட எறும்பு சாக்பீஸ் கோடு. கீழ் அறை பூரா அந்துருண்டை வாசம். இந்த மருந்தெல்லாம் பாம்பு மாதிரி உயிர்களுக்கு ஆகாது. முகத்துல துணியைக் கட்டிக்கிட்டு, தூள் பறக்காம ஈரம் காட்டிச் சுரண்டி, கழுவி, வெயில்ல வச்சோம். அதுக்கே நாலு நாள்.

கதவில் இருந்த வலையைப் பிரிச்சுட்டு அஞ்சு மில்லிமீட்டர் கண்ணாடி மாட்டினோம். ரெண்டு கதவும் சேர்ற இடத்துல சுண்டுவிரல் சந்து இருந்தது, அதுக்கு மேல ஒரு பட்டி அடிச்சுக் கதவு மேல கதவு படியற மாதிரி செஞ்சார் ஆசாரி. பாம்பு ராத்திரி முழுக்க மூக்கால நெம்பிப் பார்க்கும், எங்க இளகுதோ அங்கயே வேலையைக் காட்டும். அதனால வெறும் தாழ்ப்பாள் போதாதுன்னு பழைய கொண்டியிலேயே பூட்டும் போட்டோம். காத்துக்கு ஒரு பக்கம் மேலயும் மறுபக்கம் கீழயும் துளை போட்டு, பொடிக்கண் அலுமினியத் தகடு அடிச்சாச்சு. அடிப்பலகைச் சந்தெல்லாம் சிலிகான். பூஞ்சாணக் கொல்லி கலக்காத சிலிகான் வேணும்னு மாப்பிள்ளை போன்ல மூணு தடவை சொன்னான். தண்ணியில கரையிற பாலியூரிதீன் வார்னிஷ் மூணு பூச்சு. பூசினதும் பாம்பை விடக்கூடாது, வாசம் சுத்தமாப் போகணும். மூணு வாரம் கொட்டாயில கதவைத் திறந்தபடி கிடந்தது.

கீழே பரப்ப மரத்தூள் போடலாம்னு ஆசாரி சொன்னார். சில மரத்துத் தூளில் இருக்கிற எண்ணெய் பாம்போட மூச்சுக்கு ஆகாதாம். அப்போதான் மாப்பிள்ளை கடையில பாக்கெட் போட்டு விக்கிற ஒரு சாமானோட படத்தைக் காட்டினான். பார்த்தால் நம்ம தென்னை நார்க்கழிவு! நான் மலைமலையாக் குவிச்சு வச்சுட்டு, மக்க வைக்க நாளாகுதேன்னு கவலைப்படற சரக்கு. அதுல உப்பு இருக்கும், மூணு தண்ணி அலசிக் காயவச்சு ரெண்டு மூட்டை கட்டிக் கொடுத்தேன். என் தோட்டத்துச் சரக்குல ஆப்பிரிக்கப் பாம்புக்கு மெத்தை.

தை பொங்கல் முடிஞ்சு இளநீர் லோடு போன வண்டியில பீரோவை ஏத்தி நானும் கூடவே போனேன்.

சூடு விசயத்துல மட்டும் அவனை நான் விடலை. மரப்பெட்டிக்குள்ள கரண்ட்டு. குஞ்சுப் பெட்டியில பல்ப் போட்டு வளர்க்கறவன் நான், ஒரு பல்ப் சரிஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். வெளிச்சமில்லாத பீங்கான் ஹீட்டர், பீங்கான் ஹோல்டர், அதைச் சுத்திக் கம்பிக்கூடு. பாம்புக்குச் சூடு உறைக்கறதுக்குள்ள தோல் வெந்துரும், அதனால அது தொடவே முடியாத மாதிரி இருக்கணும். நடுவுல தெர்மோஸ்டாட். ஒரு கோடியில 32 டிகிரி, மறுகோடியில 26. எது வேணுமோ அதைப் பாம்பே போய் எடுத்துக்கும். ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்க ஒவ்வொரு மண்சட்டி கவுத்து வச்சோம். பாம்பு இல்லாம வெறும் பீரோவை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ரெண்டாம் நாளே சென்சார் ஒயர் நழுவிக் கீழ விழுந்து உள்ள 39 காட்டிச்சு. வெறும் பெட்டியா இருந்ததால போச்சு.

மண்சட்டின்னதும் ஞாபகம் வருது. மாமல்லபுரம் போற வழியில வடநெம்மேலி முதலைப் பண்ணையில இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்தைப் பார்த்திருக்கேன். 1978ல தொடங்கினது. விஷம் எடுக்கப் பிடிச்ச பாம்பை அவங்க வச்சிருக்கறது மண்பானையில, பாதி மணல், வாயில துணி கட்டு. இருட்டு, குளிர்ச்சி, நெருக்கம். பாம்புக்குத் தேவை அதுதான். சில வாரம் வச்சிருந்துட்டுக் காட்டுலயே விட்டுருவாங்க. நல்ல பாம்பு, கட்டுவிரியன், ரெண்டு விரியன் விஷமும் அங்கிருந்துதான் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகுது. சித்தப்பாவை நினைச்சுக்கிட்டே அன்னைக்கு ரொம்ப நேரம் அங்க நின்னேன்.

பாம்பை வீட்ல வளர்க்கறது எனக்கு இப்பவும் பிடிக்கலை. அதை அவன்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா இருபது முப்பது வருசம் உசுரோட இருக்கக்கூடிய ஜீவனைக் கையில வாங்கிட்டான், அதைக் காட்டுல விடவும் முடியாது. அப்படின்னா வீடு ஒழுங்கா இருக்கணும்.

மாசியில ஒருநாள் வீடியோ கால்ல பேசும்போது அம்மாவுக்குப் பீரோவைக் காட்டினான். "கண்ணாடியெல்லாம் போட்டு ஜோரா இருக்குது. புக்கெங்க கண்ணு?" என்றாள். அவன் ஒரு நிமிசம் பேசலை. அப்புறம் சொல்லிட்டான். அம்மா போனை என் கையில கொடுத்துட்டு எழுந்து போயிட்டாள்.

ரெண்டு நாள் பேச்சில்லை. அவன்கூட இல்லை, என்கூட. சாப்பாடு போட்டாள், தண்ணி வச்சாள், வாயைத் திறக்கலை. மூணாம் நாள் காலையில பால் கறந்துட்டு இருக்கேன், கட்டுத்தறிப் பக்கம் வந்து நின்னாள்.

"அது அவனைக் கடிக்குமா?"

"கடிச்சாலும் விஷமில்லைம்மா."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்மா."

கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துட்டு இருந்தாள்.

"பீரோவைக் குடுத்துவுட்டியே, கால் கிண்ணம் நாலையும் குடுத்துவுட்டியா? தோலு உரிக்கற சமயத்துல எறும்பு மொச்சுக்காது?"

குடுத்துவிடலை. அதுல ஒண்ணுல கோழி தண்ணி குடிச்சுட்டு இருந்தது. மத்த மூணையும் கொட்டாயில தேடி எடுத்து, நாலையும் அம்மாவே புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவினாள். சாக்குல சுத்தி அன்னைக்கு ராத்திரி பஸ்ஸுல போட்டுவிட்டேன்.