அலை அடங்கிய பின் வந்த அச்சம்

எங்கள் ஊர்க் கோயிலின் வடபுறத் தாழ்வாரத்தில் ஞாயிறுதோறும் ஞானோபதேச வகுப்பு நடைபெறும். தூய ஆவியாரின் ஏழு கொடைகளைச் சிறுவர்களாகிய நாங்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்போம்: ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம். கடைசிச் சொல்லை மட்டும் எல்லாரும் சேர்ந்து உரக்கக் கூவுவோம். அதைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்பதே காரணம்.

பின்னாளில் அதே தாழ்வாரத்தில் நானே மறைக்கல்வி ஆசிரியனாய் அமர்ந்தேன். தெய்வபயம் என்ற சொல் இறையச்சம் என்று மாறியிருந்தது. சொல் மாறியதே தவிர, அதன் பொருள் எனக்குள் இறங்கியிருக்கவில்லை. "அன்பே உருவான கடவுளுக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். புனித தோமா அக்குவினாஸ் வகுத்துக் காட்டிய வேறுபாட்டை எடுத்துரைத்தேன். தண்டனைக்கு அஞ்சும் அடிமையின் அச்சம் ஒன்று. தந்தையை விட்டுப் பிரிந்துவிடுவோமோ, அவர் மனம் நோகச் செய்துவிடுவோமோ என்று அஞ்சும் பிள்ளையின் அச்சம் மற்றொன்று. விளக்கம் சரியானதுதான். ஆனால் அது நூலிலிருந்து நேரே என் நாவுக்கு வந்திருந்தது. உள்ளத்தின் வழியாக வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

நாங்கள் குமரி மாவட்டத்துக் கடற்கரை மக்கள். நான் படித்து, பள்ளி ஆசிரியனாகிக் கரையில் தங்கிவிட்டேன். என் தம்பி தந்தையின் தொழிலைத் தொடர்ந்தான். விசைப்படகில் ஆழ்கடலுக்குச் சென்று, வாரக்கணக்கில் அங்கேயே தங்கி மீன்பிடிப்பவன் அவன். 2017 நவம்பர் 30ஆம் நாள், மீனவராயிருந்து திருத்தூதரான அந்திரேயாவின் திருநாளன்று, கன்னியாகுமரிக் கடலில் ஒக்கிப் புயல் சீறி எழுந்தது. கரையில் தென்னையும் வாழையும் இரப்பரும் சாய்ந்தன. மின்சாரம் நின்றது. ஊரே இருளில் கிடந்தது. தம்பி கடலில் இருந்தான். அடுத்த வீட்டு அண்ணனும் வேறொரு படகில் கடலில்தான் இருந்தார்.

அந்த நாள்களில் நான் செபித்தேன் என்று சொல்வதைவிடப் பேரம் பேசினேன் என்று சொல்வதே பொருந்தும். தம்பி திரும்பி வந்தால் இதைச் செய்வேன், அதைக் கொடுப்பேன் என்று இறைவன்முன் கணக்கு வைத்தேன். இரவில் உறக்கமில்லை. யார் கதவைத் தட்டினாலும் நெஞ்சு பதறியது. அம்மாவோ கடற்கரைக் குருசடியின் முன் பகலெல்லாம் அமர்ந்திருந்தார். கையில் செபமாலை இருந்தது, உதடுகள் அசையவில்லை. அவருக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு அக்காள் முழந்தாளிட்டிருந்தார்.

ஆறாம் நாள் மாலை, இலட்சத்தீவிலிருந்து தொலைபேசியில் தம்பியின் குரல் கேட்டது. படகு சேதமுற்றாலும் அதிலிருந்த அனைவரும் உயிருடன் கரை சேர்ந்திருந்தனர். நான் அழுதேன், சிரித்தேன். உடனே ஒரு தாளை எடுத்து, அடுத்த ஞாயிற்றுத் திருப்பலிக்கான கருத்தை எழுதினேன். எங்கள் மன்றாட்டைக் கேட்டு என் தம்பியைக் காப்பாற்றிய இறைவனுக்கு நன்றியாக என்று அதில் இருந்தது. பங்குத்தந்தையிடம் கொடுக்கப் புறப்படுகையில், அதை வாசித்துக் காட்டும்படி அம்மா சொன்னார். வாசித்தேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"மக்களே, நம்ம மன்றாட்டக் கேட்டாருன்னு எழுதியிருக்கியே. அப்போ அவ மன்றாட்டக் கேக்கலையா? அவளும் என் பக்கத்துலதானே முட்டுகுத்தி இருந்தா? தெய்வத்தப் பத்தி இப்படிச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு."

அடுத்த வீட்டு அண்ணனைப் பற்றி அதுவரை எந்தச் செய்தியும் இல்லை.

அந்தத் தாளை மடித்து வைத்தேன். ஏழு கொடைகளையும் வரிசை பிறழாமல் கற்பித்து வந்த எனக்கு, எழுத்தறியாத என் தாய் ஏழாவது கொடையின் பொருளை ஒரே சொல்லில் உணர்த்திவிட்டார். நான் இறைவனுக்கு நன்றி சொல்ல முனைந்தேன். ஆனால் நான் எழுதிய வாக்கியத்திலோ இறைவனின் உள்ளத்தை அறிந்தவனாக என்னை நிறுத்திக்கொண்டேன். யாருக்கு இரங்கினார், யாருக்கு இரங்கவில்லை என்று அவருக்காக நானே தீர்ப்பெழுதினேன். யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுதானே? அவன் துன்பத்துக்குக் காரணம் இன்னதென்று கடவுளின் பெயரால் அவர்கள் உறுதியாகப் பேசினார்கள். கடவுள் சினம் கொண்டது அவர்கள்மேல்தான். கதறியும் வழக்காடியும், இறுதியில் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்ட யோபுவையே அவர் தம் ஊழியன் என்று ஏற்றுக்கொண்டார்.

கருத்தை மாற்றி எழுதினோம். கடலுக்குச் சென்ற அனைவருக்காகவும், அவர்களுக்காகக் காத்திருக்கும் அனைவருக்காகவும் என்று மட்டும் எழுதினோம். ஞாயிறன்று கோயில் நிறைந்திருந்தது. ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும் வேளை வந்தது. எனக்குப் பின்வரிசையில் அக்காள் இருப்பதை அறிவேன். திரும்பிப் பார்க்கத் துணிவின்றிப் பீடத்தையே நோக்கி நின்றேன். அம்மா திரும்பினார். கைகூப்பி நின்ற அக்காளின் இரு கைகளையும் தம் கைகளுக்குள் சேர்த்துக்கொண்டார். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

அப்போது என் நினைவுக்கு வந்தது யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம். அச்சத்தால் கதவுகளை அடைத்துக்கொண்டிருந்த சீடர் நடுவே உயிர்த்த ஆண்டவர் வந்து நின்று, அவர்களுக்கு அமைதியை வாழ்த்தாக வழங்குகிறார். அடுத்த நொடியே தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். காயங்கள் மறையவில்லை. அவற்றோடுதான் அமைதி வருகிறது. காயமற்ற வாழ்வே அமைதி என்று அதுநாள்வரை எண்ணியிருந்த நான், மெல்லப் பின்னால் திரும்பி அக்காளுக்குக் கைகூப்பினேன்.

அடுத்த வாரம் தம்பி வீடு வந்து சேர்ந்தான். பல நாள் அவன் அதிகம் பேசவில்லை. ஓர் இரவு திண்ணையில் அமர்ந்திருக்கையில், "அண்ணே, காத்து அடிச்சப்போ பயப்பட நேரமில்ல, தண்ணி இறைக்கத்தான் நேரம் இருந்துது. விடிஞ்சு கடல் அடங்கின பிறகுதான் எனக்கு நடுக்கம் வந்துது" என்றான்.

மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். எத்தனையோ முறை வகுப்பில் நடத்திய பகுதி. புயலின்போது சீடர் கலங்கினர் என்பதையே நான் எப்போதும் கற்பித்திருந்தேன். காற்று ஓய்ந்து, கடலில் பேரமைதி உண்டான பிறகுதான் அவர்களைப் பேரச்சம் ஆட்கொண்டது என்பதைக் கவனிக்கவே இல்லை. முந்திய அச்சம் அலைகளைப் பற்றியது. அதில் அவர்கள் தங்களையே நினைத்தார்கள். பிந்திய அச்சம் தங்களோடு படகில் இருப்பவரைப் பற்றியது. அதில் தங்களை மறந்து, இவர் யாரோ என்று வியந்து நின்றார்கள். முந்தியது உள்ளத்தை அலைக்கழிக்கும். பிந்தியது உள்ளத்தை மண்டியிடச் செய்யும். மண்டியிட்ட உள்ளத்துக்கு ஒரு நிலைத்த அமைதி கிடைக்கும்.

அடுத்த வீட்டு அண்ணன் திரும்பி வரவேயில்லை. அந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எங்கள் தெருவில் விண்மீன் விளக்குகள் ஏற்றப்படவில்லை. அக்காளின் உள்ளத்தில் அமைதி உண்டா என்று கேட்பீர்களாயின், நான் அறியேன். அதைப் பற்றி உறுதியாய்ப் பேச எனக்கும் இப்போது அச்சமாயிருக்கிறது. அவர் இன்றும் வைகறைத் திருப்பலிக்கு வருகிறார்; அதே பின்வரிசையில் நிற்கிறார் என்பதை மட்டுமே நான் சொல்லலாம்.

தம்பி மீண்டும் கடலுக்குச் செல்கிறான். அவன் செல்லும் ஒவ்வொரு முறையும் நான் செபிக்கிறேன். பேரம் பேசுவதில்லை. அவனைக் காத்தருளும் என்று கேட்கிறேன்; பிறகு கேட்பதற்குச் சொல்லின்றிச் சற்று நேரம் அமர்ந்திருக்கிறேன். அன்று குருசடியின் முன் அம்மாவின் உதடுகள் ஏன் அசையவில்லை என்பது அப்போது சிறிது விளங்குகிறது.

ஞாயிறுதோறும் அதே தாழ்வாரத்தில் பிள்ளைகள் ஏழு கொடைகளை ஒப்பிக்கிறார்கள். கடைசிச் சொல் வரும்போது, வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் அவர்களும் கூவத்தான் செய்கிறார்கள். "அதை மட்டும் மெல்லச் சொல்லுங்கள்" என்கிறேன்.