நான் வைத்த பட்டப்பெயர்

கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் ஊர்ப் பெற்றோரும் சக ஆசிரியர்களும் முழுதாக வாசித்தால் நல்லது. அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

என் மகன் போனில் 'ஆர்க்' என்றொரு கேம் விளையாடுவான். டைனோசர்கள் திரியும் தீவில் வெறுங்கையோடு கரையொதுங்கிய மனிதன் உயிர் தப்பிப் பிழைக்க வேண்டும். அதில் கடற்கரை ஓரமாக ஒரு கொழுத்த பறவை தத்தித் தத்தி நடக்கும். "வாப்பா, இது டோடோ. சரியான மோடன். கையால குத்தியே கொல்லலாம், இறைச்சி லேசாக் கிடைக்கும்" என்றான். நானும் சிரித்தேன்.

அதற்கு அடுத்த நாள் என் தரம் 8 வகுப்பில் சில பொடியன்மார் ஒரு பிள்ளையிடம் "பிரின்சிபல் சேர் உன்னைக் கூப்பிர்றார்" என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் நம்பிப் போய், முகம் சிவந்து திரும்பி வந்தான். இதே பொய்யை அவன் நம்பியது இரண்டாவது தடவை. வகுப்பே சிரித்தது. நான் அவர்களை ஏசியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "நீ சரியான டோடோடா" என்றேன். கேம் தெரிந்த பிள்ளைகள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள்.

எனக்கு அது அத்தோடு முடிந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அவனுடைய உம்மா பாடசாலைக்கு வந்தார். "மகன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் எண்டு அழுறான் சேர். எல்லாரும் டோடோ எண்டு கூப்பிர்றாங்களாம். அப்பிடியெண்டா என்ன சேர்?"

பெயர் வைத்தவனிடமே வந்து அர்த்தம் கேட்கிறார். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாதென்று எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்பேன்! அன்று எனக்குப் பதில் வரவில்லை.

இரவு உட்கார்ந்து அந்தப் பறவையைப் பற்றித் தேடி வாசித்தேன். டோடோ ஒரு புறா இனம். மொறீசியஸ் தீவைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம், பறக்காது. அந்தத் தீவில் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டிகளே இருக்கவில்லை. துரத்துகிற விலங்கு எதுவும் இல்லாத இடத்தில் எதைக் கண்டு பயப்படுவது? 1598இல் ஒல்லாந்தர் இறங்கினார்கள். 1640இல் எங்கள் காலிக் கோட்டையைப் பிடித்தார்களே, அதே ஒல்லாந்தர்தான். பறவை அவர்களைக் கண்டு ஓடவில்லை. அவர்கள் அடித்துத் தின்றார்கள். அதைவிடப் பெரிய அழிவு, கப்பல்களில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் நிலத்தில் கிடந்த முட்டைகளைத் தின்றது. அதைக் கடைசியாகக் கண்டதாகப் பலரும் ஏற்கும் வருடம் 1662. ஒல்லாந்தர் இறங்கி நூறு வருடம்கூட ஆகவில்லை.

மோடன் என்பதும் பொய். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் அதன் மூளையை அளந்து பார்த்திருக்கிறார்கள். உடம்புக்கு ஏற்ற அளவான மூளைதான், மற்றப் புறாக்களைப் போல. கொன்றவர்கள் தங்கள் பிழையை மறைக்க அதை மோடன் ஆக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. மொறீசியஸில் ஜோர்ஜ் கிளார்க் என்றொரு பாடசாலை ஆசிரியர் இருந்தார். அவர் டோடோவின் எலும்பை வருடக்கணக்கில் தேடியவர். 1865இல் ஒரு சதுப்பு நிலத்தில் ஆட்களை இறக்கி, சேற்றுக்குள் காலால் தடவச் செய்து கண்டெடுத்தார். இன்று அந்தப் பறவையைப் பற்றி நாம் அறிந்ததில் நிறைய அந்தச் சேற்றிலிருந்து வந்ததுதான். அவரும் வாத்தியார், நானும் வாத்தியார்.

அடுத்த நாள் பாடத்தைத் தொடங்க முன்னர் வகுப்பின் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கரும்பலகையில் தீவை வரைந்து முழுக் கதையையும் சொன்னேன். நம்பினவன் மோடன் இல்லை, நம்ப வைத்து ஏமாற்றினவன்தான் வெட்கப்பட வேண்டும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அவன்தான் கை தூக்கினான். "அது எத்தன முட்ட போடும் சேர்?"

"ஒரு முறைக்கு ஒண்டுதான் எண்டு அந்தக் காலத்துப் பயணி ஒருத்தர் எழுதியிருக்கார் மகன்."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப பெரிய பறவைய விட்டுட்டு முட்டைய மட்டும் திண்டாலும் முடிஞ்சிதானே சேர்."

நான் ஓர் இரவு முழுக்க வாசித்து விளங்கிக்கொண்டதை அவன் ஒரு கேள்வியில் பிடித்துவிட்டான். இந்தப் பிள்ளையைத்தான் நான் டோடோ என்றேன்.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஒழுங்காக வருகிறான். ஆனால் பெயர் முழுதாகப் போகவில்லை. போன கிழமைகூட கென்டீன் பக்கம் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று அப்படிக் கூப்பிட்டது காதில் விழுந்தது. வைக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை, எடுக்க எத்தனை மாதம் போகுமோ தெரியாது.

அதனால் ஓர் உதவி. உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த கேமை விளையாடினால், போனைப் பறிக்காமல் இந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள். யாரையாவது டோடோ என்று கூப்பிட்டால், "அத முதல்ல சொன்ன சேரே, தான் சொன்னது பிழையெண்டு சொல்லிட்டார்" என்று சொல்லுங்கள்.