டவுணை நடந்து பாருங்கள்

திருநெல்வேலிக்கு ஊர் சுற்ற வருபவர்களின் கணக்கு பெரும்பாலும் இதுதான். ஜங்ஷனில் இறங்கி டவுண் பஸ் பிடிப்பது, நெல்லையப்பர் கோயிலில் அரைமணி நேரம், கீழ ரத வீதியில் அரைக் கிலோ அல்வா, அப்புறம் நேராகக் குற்றாலம். இதில் விட்டுப்போவது என்ன தெரியுமா? திருநெல்வேலிதான்!

ரயில் வந்ததால் வளர்ந்தது ஜங்ஷன். ஆற்றுக்கு அக்கரையில், பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளுமாக வளர்ந்தது பாளையங்கோட்டை. பழைய திருநெல்வேலி என்றால் அது டவுண்தான். நடுவில் கோயில், அதைச் சுற்றி மாட வீதிகள், அதற்கும் வெளியே நான்கு ரத வீதிகள். கோயிலை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது பாதி சாப்பாட்டில் எழுந்திருப்பது மாதிரி.

முதலில் கோயில். சுவாமி நெல்லையப்பருக்கும் காந்திமதி அம்மனுக்கும் தனித்தனிக் கோயில்கள். இரண்டையும் இணைக்கிற சங்கிலி மண்டபம் 1647-ல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது. நடராஜரின் ஐந்து சபைகளில் தாமிர சபை இங்கேதான் இருக்கிறது. மணிமண்டபத்தில் இசைத் தூண்கள். ஒரே கல்லில் நடுவே பெரிய தூணும் சுற்றிலும் சிறு தூண்களும் செதுக்கியிருக்கிறார்கள். தட்டிப் பார்க்கக் கை பரபரக்கும்தான். தயவுசெய்து வேண்டாம்! வருகிறவர்கள் எல்லாம் காசாலும் சாவியாலும் ஒரு தட்டு தட்டினால் கல் எத்தனை நாள் தாங்கும்?

அடுத்து ரத வீதிகள். பார்த்தால் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, ஆட்டோ ஹாரன். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனித் திருவிழாவில் வந்து பாருங்கள். ஐந்து தேர்கள் இதே வீதிகளைச் சுற்றும். சுவாமி தேர் மட்டும் ஏறக்குறைய 450 டன் என்பார்கள். இழுப்பது மனிதக் கைகள். 2024 தேரோட்டத்தில் வடம் திரும்பத் திரும்ப அறுந்தும் ஜனங்கள் விடவில்லை. அன்றைக்குத்தான் இந்த வீதியும் கோயிலில் சேர்ந்தது என்பது புரியும்.

இந்த ஊர் வேறொரு கூட்டத்தையும் பார்த்திருக்கிறது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும், 13-ஆம் தேதி மாணவர்களும் பொதுமக்களும் திரண்டு எழுந்தார்கள். போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். பாரதியார் படித்த இந்துக் கல்லூரிப் பள்ளியும் இங்கேதான். அல்வா வாங்க வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஜப்பானில் இசே என்று ஒரு கோயில் நகரம் இருக்கிறது. அங்கேயும் கோயிலுக்கு முன்னால் ஒரு பழைய கடைத்தெரு, பெயர் ஒஹராய்மாச்சி. 1707-லிருந்து இனிப்பு விற்கிற கடைகூட உண்டு. ஒரு காலத்தில் யாத்ரிகர்கள் கோயிலைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போக, தெரு வெறிச்சோடியது. உள்ளூர்க்காரர்கள் பழைய பாணியிலேயே கட்டடங்களைச் சீரமைத்தார்கள். 1993-ல் பக்கத்திலேயே பழங்காலத் தெரு போல ஒன்றையும் அமைத்தார்கள். இப்போது அந்தத் தெருவைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. நம் டவுணில் தெரு வெறிச்சோடவில்லை, கூட்டம் நெரிகிறது. ஆனால் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் கடைகளின் விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் மறைகின்றன. பார்க்க ஆள் வந்தால்தான் காப்பாற்றவும் ஆள் வரும்.

ஆகவே அடுத்த முறை ஒருநாள் ஒதுக்குங்கள். காலையில் கோயில். மதியம் நடை சாத்துவதற்குள் சங்கிலி மண்டபத்தை நிதானமாகப் பாருங்கள். வெயில் தாழ்ந்ததும் நான்கு ரத வீதிகளையும் நடந்தே சுற்றுங்கள், மாடிகளைப் பார்த்துக்கொண்டே. இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். அதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அல்வாவை இலையில் வாங்கிச் சூடாகச் சாப்பிடுங்கள். குற்றாலம் எங்கேயும் போய்விடாது, மறுநாள் போகலாம்!